மலை ஊர் நூலகத்தில் வாசிப்பு நிகழ்ச்சி: எந்த நாள், எவ்வளவு நேரம், எத்தனை புத்தகம்

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து வந்த கேள்வி இது: "காலையில் பேப்பர் பார்க்க ஐந்தாறு பெரியவர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போன நவம்பரில் நூலக வார விழாவுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். மழையில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் பரிசு வாங்கியதோடு சரி. மாதாமாதம் ஏதாவது நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?"

முதலில் பேச்சுப் போட்டியை விட்டுவிடுங்கள். அதற்கு நூலகமே தேவையில்லை. வீட்டில் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும். ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற மூன்று பிள்ளைகள் பரிசு வாங்குவார்கள், மற்றவர்கள் அடுத்த வருடம் வர மாட்டார்கள். தயங்கித் தயங்கி எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குத்தான் நூலகம் அதிகம் தேவை, போட்டி அந்தப் பிள்ளையைத்தான் முதலில் விரட்டுகிறது.

அதற்குப் பதில் செய்ய வேண்டியது சின்ன வேலை. மாதத்தில் இரண்டு நாள், மாறாத கிழமை, மாறாத நேரம், ஒரே ஒரு மணி நேரம். ஒருவர் உரக்க வாசிக்கிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள், கொஞ்சம் பேசுகிறார்கள், போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் வீட்டுக்குப் போகிறது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட எத்தனை புத்தகம் வெளியே போனது, எத்தனை திரும்பி வந்தது என்று பாருங்கள். 40 பேர் வந்து ஒரு புத்தகமும் எடுக்காமல் போன விழாவை விட, 9 பேர் வந்து 9 புத்தகம் போன சனிக்கிழமை மேல்.

நாள் குறிப்பதில்தான் மலை ஊர்களில் பெரும்பாலும் சறுக்குகிறது. நூலகக் காலண்டர் சமவெளிக்கு ஏற்றது. தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலம் அது. மண் சரியும், மேட்டுப்பாளையம் ரயில் நிற்கும், பள்ளிக்கு விடுமுறை என்று காலை ஆறு மணிக்குத்தான் தெரியும். கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை பக்கமும் அக்டோபர், நவம்பர் இப்படித்தான். போதாததற்கு 14-ஆம் தேதி குழந்தைகள் தினம், பள்ளியிலேயே விழா இருக்கும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை, ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை எதுவும் வைக்கக் கூடாது. இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டி ஆகஸ்ட் 12-இல் கொண்டாடும் நூலகர் தினத்தை நீங்கள் தூறலோடு நடத்திவிடலாம், பந்தலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் நடத்த முடியாது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளிலிருந்து மே கடைசி வரை சுற்றுலா சீசன். டாக்ஸி, கடை, லாட்ஜ் வேலை என்று பெற்றோர் ஓடிக்கொண்டிருப்பார்கள், சாலையில் வண்டி நகராது, பல வீடுகளில் கீழிருந்து உறவினர் வந்திருப்பார்கள். சமவெளி நூலகங்கள் கோடை முகாம் நடத்துகிற அதே மே மாதம் மலைக்கு ஒத்துவராது.

உங்கள் ஊருக்கு நல்ல காலம் இரண்டு: பள்ளி திறந்த இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் முடிய, பிறகு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும் வாரத்தில் ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) யாரும் வர மாட்டார்கள். அந்தத் தேதியை முன்கூட்டியே கேட்டு விலக்கிவிடுங்கள். நூலக வாரத்துக்கு எதுவும் செய்யாமல் இருக்க வேண்டாம். ஒரு நாள் கூட்டத்தை நம்பாத ஒன்றாகச் செய்யுங்கள். 40 புத்தகங்களை முதுகு தெரியாமல் அட்டை தெரிய ஒரு மேசையில் சாய்த்து ஏழு நாளும் வைத்தால் போதும். மழை விட்ட நேரத்தில் வருகிறவர் பார்ப்பார், எடுப்பார்.

கிழமைக்கு வருவோம். பெரும்பாலான ஊர்ப்புற, கிளை நூலகங்களுக்கு வெள்ளி வார விடுமுறை. இரண்டாம் சனியும் பல இடங்களில் பூட்டியிருக்கும். ஞாயிறன்று குடும்பமே கோத்தகிரிக்கு மார்க்கெட் போகும், அல்லது சர்ச், கல்யாணம், காரியம். பள்ளி நாட்களில் சாயங்காலம் சரியாக வராது: பஸ் இறங்கி வீடு சேர நாலரை ஆகும், ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கிவிடும். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரத்துக்குப் பிள்ளையைத் தனியே அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது முதல் சனி, மூன்றாம் சனி, காலை 10.30 முதல் 11.30. பள்ளி வேலை நாளாக அறிவித்த சனிக்கிழமைகளை மட்டும் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் இருந்தால், திரும்பும் பஸ்ஸுக்கு 20 நிமிடம் முன்பே முடியும்படி நேரத்தை நகர்த்துங்கள். ஒரு தடவை பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையை வீட்டில் மறுபடி அனுப்ப மாட்டார்கள்.

உட்காரும் இடம் அற்பமாகத் தோன்றும், ஆனால் பிள்ளைகள் நெளிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். சிமெண்டுத் தரையில் நேரடியாக ஜமக்காளம் விரித்தால் கால் மணி நேரத்தில் குளிரும் ஈரமும் மேலே ஏறிவிடும், பிள்ளைகள் குந்தி உட்காருவார்கள், எழுந்து நடப்பார்கள், கதை போய்விடும். முதலில் தார்ப்பாய், அதன் மேல் பழைய கம்பளி அல்லது சாக்கு, அதன் மேல் ஜமக்காளம். முடிந்ததும் மூன்றையும் தனித்தனியாகக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை பூஞ்சண வாடை அடிக்கும். இரண்டு வரிசை அரை வட்டம், கடைசிப் பிள்ளை வாசிப்பவரிடமிருந்து இரண்டு மீட்டருக்குள். அதற்கு மேல் போனால் படம் தெரியாது. ஒரு வாசிப்பவருக்கு 15 பிள்ளைகள் வரை சரி. 20-ஐத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் போடலாம். முதல் 10 நிமிடம் எதுவும் சொல்லாமல் புத்தகங்களைப் புரட்ட விடுங்கள், தாமதமாக வருகிறவர்களும் அதற்குள் சேர்ந்துவிடுவார்கள். அடுத்த 15 நிமிடம் உரக்க வாசிப்பு. பிறகு 10 நிமிடம் பேச்சு, 15 நிமிடம் படம் வரைவது அல்லது இருவர் இருவராகப் படிப்பது. கடைசி 10 நிமிடம் புத்தகம் எடுப்பதற்கு. நேரம் போதாமல் போனால் நடுவில் எதையாவது குறையுங்கள், கடைசி 10 நிமிடத்தில் கை வைக்காதீர்கள்.

வாசிப்பதற்கு 16 பக்கப் படக்கதை ஒன்று போதும், நிதானமாகப் படித்தால் 7, 8 நிமிடம். மீதி நேரம் படம் காட்டவும் பிள்ளைகள் குறுக்கே பேசவும் போகும், போகட்டும். முந்தைய நாள் வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் யாரும் வாசிக்க உட்காரக் கூடாது. பார்க்காமல் வந்தவர் புத்தகத்துக்குள்ளேயே குனிந்திருப்பார், பிள்ளைகள் அவர் உச்சந்தலையைத்தான் பார்ப்பார்கள். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். வரியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பி, அந்தப் படத்தில் ஐந்து விநாடி நிறுத்துங்கள். அந்த ஐந்து விநாடியில்தான் "அங்க பாரு, பூனை ஒளிஞ்சிருக்கு" என்று ஒரு பிள்ளை கத்தும். வாசிப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம், அதட்டாதீர்கள்.

கதை முடிந்ததும் "இதில் உள்ள நீதி என்ன?" என்று கேட்டால் வகுப்பறை வந்துவிடும். "எந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கலாம்?", "நம்ம ஊர்ல இப்படி நடந்தா முதல்ல யார் ஓடி வருவாங்க?" போன்ற கேள்விகள் போதும். பதில் சொல்லாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். மூன்று, நான்கு முறை வந்தபிறகு தானாகப் பேசும்.

மொழி விஷயத்தில் கவனம் வேண்டும். வீட்டில் படுகர் மொழியான படுகு பேசிவிட்டுப் பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். இருளர், குறும்பர், கோத்தர் ஊர்களிலிருந்தும் வரலாம். புத்தகத்தில் உள்ள தமிழை அப்படியே வாசியுங்கள், எளிமையாக்குகிறேன் என்று மாற்ற வேண்டாம். புரியாத சொல் வந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் படுகில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். முழுக்கதையையும் வரிக்கு வரி இரண்டு மொழியில் சொன்னால் இழுவையாகிவிடும். வாசித்து முடித்தபின் ஒரு பிள்ளையை அவரவர் வீட்டு மொழியில் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது நல்ல பழக்கம். மற்றப் பிள்ளைகள் ஆவலாகக் கேட்பார்கள். பழங்குடிப் பிள்ளைகளை உடை மாட்டி மேடையில் ஆடவைப்பது மட்டும் வேண்டாம். அவர்கள் புத்தகம் எடுக்க வந்த பிள்ளைகள், அப்படியே நடத்துங்கள்.

ஆங்கிலவழிப் பிள்ளைகளில் ஆறாம் வகுப்பு படிப்பவர்கூடத் தமிழில் திணறுவது உண்டு. அவர்கள் கையில் குட்டிப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கப்படுவார்கள். ஆறாவது, ஏழாவது படிக்கும் ஒரு பிள்ளையை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரவைத்து, "தம்பிக்குப் படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். சின்னவனுக்காகப் படிப்பதால் எளிய புத்தகத்தைக் கூச்சமில்லாமல் எடுப்பார்கள், அவர்களுடைய தமிழும் தேறும். வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த புத்தகம் வேண்டுமென்றால், பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொண்டுவந்தது. பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள், துலிகா, பாரதி புத்தகாலயம் வெளியீடுகள் வாங்கலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. 16 பக்கக் கதையை ஏ4 தாளில் இருபக்கமும் அச்சடித்து மடித்தால் 4 தாள்தான். நடு மடிப்பில் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். மலை ஈரத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்.

இனி இரவல் விஷயம். பல ஊர்ப்புற நூலகங்களில் பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றால், நூலகர் மனம் இல்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். பதிவேட்டில் எண் போட்ட புத்தகம் இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே நூலகப் பதிவேட்டில் சேராத, வாசகர் வட்டத்துக்குச் சொந்தமான ஒரு தனிப் பெட்டி வையுங்கள். 15 பிள்ளைகளுக்கு 60 புத்தகம் வேண்டும்: எப்போதும் 15 முதல் 25 வரை வெளியே இருக்கும், மிச்சமுள்ளதில் பொறுக்கி எடுக்க வகை இருக்க வேண்டும். சராசரி 50 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். ஒவ்வொன்றிலும் உள்ளட்டையில் வாசகர் வட்டம் என்று முத்திரை, ஓர் எண். ஒரு நோட்டில் தேதி, பிள்ளையின் பெயர், எண், அவ்வளவுதான். தவணை அடுத்த வாசிப்பு நாள் வரை. அபராதம் வேண்டாம்: ஐந்து ரூபாய் அபராதத்துக்குப் பயந்த பிள்ளை புத்தகத்தையும் கொண்டுவராது, தானும் வராது. வருடத்துக்குப் பத்துப் புத்தகம் போகும் என்று தொடக்கத்திலேயே கணக்கில் வைத்துவிட்டால் யார் மேலும் கோபம் வராது. ஆறு மாதம் ஒழுங்காக எடுத்துத் திருப்பிய பிள்ளைகளை நூலக உறுப்பினராக்குங்கள். காப்புத் தொகையும் சந்தாவும் சிறு தொகைதான், வாசகர் வட்டமே கட்டிவிடலாம். அப்போது நூலகருக்கும் அந்தப் பிள்ளைகள் மேல் நம்பிக்கை வந்திருக்கும்.

மழையைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். தகரக் கூரை என்றால் பெருமழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. தொண்டை கிழியக் கத்தி வாசிப்பதில் பயனில்லை. "மழை நாள் பை" ஒன்று தயாராக இருக்கட்டும்: சொல் தேடும் கட்டங்கள், வெள்ளைத் தாள், மெழுகு வண்ணக் குச்சி, வார்த்தையே இல்லாத படப் புத்தகம் நான்கைந்து. மின்சாரம் போவது வழக்கம், சார்ஜ் விளக்கு இரண்டு வேண்டும், மெழுகுவத்தி கூடாது. மற்றது நனைந்து திரும்பும் புத்தகம். அதை அடுப்புப் பக்கமோ ஹீட்டர் முன்போ வைத்தால் அட்டை வளைந்துவிடும். பக்கங்களுக்கு இடையே வெள்ளைத் தாள் செருகி, விசிறிபோல் விரித்து நிமிர்த்தி வைத்து, மணிக்கொரு முறை தாளை மாற்றுங்கள். செய்தித்தாள் செருகினால் மை ஒட்டும். பூஞ்சணம் பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பெட்டியில் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் வெளியே எடுத்துப்போய்த் துணியால் துடைக்க வேண்டும். காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளரத் தொடங்கும், உங்கள் ஊரில் மாதக்கணக்கில் அதற்கு மேல்தான் இருக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும், புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல் இருப்பதும் நாப்தலின் உருண்டையை விட உதவும். உருண்டை பூச்சியைத் தடுக்குமே தவிர பூஞ்சணத்தைத் தடுக்காது.

தின்ன ஏதாவது கொடுங்கள், மலைக்குளிரில் காலையில் நடந்து வரும் பிள்ளைக்குப் பசிக்கும். அரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 15 பேருக்கு ஆளுக்கொரு கை வரும். வீட்டில் செய்து கொண்டுவாருங்கள். நூலகத்துக்குள் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் புத்தகம் போகும். ஆகவே வராந்தாவில் தின்று, கை கழுவி, துடைத்தபின்தான் புத்தகம் எடுக்கப் போக வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் கப்புக்கும் தடை இருப்பது தெரிந்ததே. 20 எவர்சில்வர் டம்ளரும் ஒரு குடமும் ஒரே தடவைச் செலவு.

பணம் வசூலிப்பதில் ஒரு எச்சரிக்கை. நூலகத்தின் பெயரால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். நூலகத்துக்குக் கொடுக்க விரும்புபவரை 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரச் சொல்லி நூலகரிடம் ரசீது பெறவையுங்கள். பெட்டிப் புத்தகங்களுக்கும் சுண்டலுக்குமான செலவு வாசகர் வட்டத்தின் தனி நோட்டில் வரட்டும், அதை வராந்தாவில் ஒட்டிவிடுங்கள். கூரை ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை என்று ஊராட்சியிடம் கேட்கப் போகும்போது தயங்க வேண்டாம்: நம் மாநிலத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 காசு. இந்த நூலகத்துக்கு ஊரில் வரி கட்டும் ஒவ்வொரு வீடும் பணம் கொடுத்திருக்கிறது. ஊட்டியில் கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து கட்டிய, 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் பலர். அது உறுப்பினர் சந்தாவில் நடப்பது. உங்கள் ஊரின் ஒற்றை அறைதான் பொதுமக்களுக்குச் சொந்தமானது.

காலையில் வரும் பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். பாதிப் பேர் தலைப்பு மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைப்பதற்குக் காரணம் ஆர்வக் குறைவு இல்லை, எழுத்து தெரியவில்லை. +1.50, +2.00, +2.50 என மூன்று படிக்கும் கண்ணாடிகளை ஒரு டப்பாவில் போட்டு மேசை மேல் வைத்தால் அடுத்த வாரமே மாற்றம் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவர்களில் ஒருவரைப் பிள்ளைகள் முன் பேச அழையுங்கள், ஆனால் "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று விட்டால் அறிவுரையில் போய் முடியும். "தேயிலைக்கு முன்னால் இந்த மண்ணில் சாமையும் ராகியும் எப்படி விதைத்தீர்கள், பன்றி வராமல் எப்படிக் காவல் காத்தீர்கள்" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள், 10 நிமிடம். அவர் பேசியதையொட்டிய புத்தகம் ஒன்று அன்று மேசையில் இருக்க வேண்டும். பெண்கள் பறித்த தேயிலையை எடை போட்டு வீடு திரும்புவதற்குள் நூலகம் மூடிவிடும். அவர்களுக்கு 20 புத்தகத்தை ஒரு துணிப்பையில் மகளிர் குழு கூடும் வீட்டுக்கே அனுப்பிவிடுவதுதான் நடக்கிற காரியம்.

தொடங்குவதற்கு முன் நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்: நாட்கள், நேரம், பொறுப்பாளர் பெயர், தனிப் பெட்டி பற்றிய ஒரு வரி. நூலகர் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவரிடம் காட்டத் தாள் இருக்கும். அறிவிப்பை ரேஷன் கடையிலும், இலை சேகரிக்கும் கொட்டகையிலும், பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டுங்கள். சிக்னல் இல்லாத வளைவுகளில் வாட்ஸ்அப் செய்தி சாயங்காலம்தான் போய்ச் சேரும்.

வாசிக்க இரண்டு பேரையாவது பழக்குங்கள். ஒருவரையே நம்பி நடத்தினால் அவருக்குக் காய்ச்சல் வந்த சனியன்று கதவு பூட்டியிருக்கும், இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளை பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் திரும்ப வரவழைப்பது கடினம். முதல் நாள் நான்கு பிள்ளைகள்தான் வந்தார்கள் என்றாலும் முழு ஒரு மணி நேரமும் நடத்துங்கள். கூட்டம் சேரட்டும் என்று 11 மணி வரை காத்திருக்க வேண்டாம். நோட்டில் தேதி, மழையா வெயிலா, வந்தவர், புதியவர், போன புத்தகம், திரும்பிய புத்தகம் என்று ஆறு கட்டம் போட்டு அன்றே எழுதுங்கள். ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் முடிவதற்குள் ஏழெட்டு வரிகள் இருக்கும். எந்த ஹட்டியிலிருந்து யாரும் வரவில்லை, எந்தப் பிள்ளை இரண்டு முறை வந்து நின்றுவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் அக்டோபரில் வீடுவீடாகப் போய்க் கேட்க முடியும்.